"போட்டது போட்டதுதான், இனி அழியாது" என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் ஆசிரியையின் கடிதம் இது. தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. பத்தொன்பது வருடமாக வணிகவியல் எடுக்கிறார். ஆள் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு, இணையத்தில் நம்மைப் பற்றித் தங்கிவிடும் சுவடுகளான 'டிஜிட்டல் தடம்' பற்றி ஒரு வகுப்பு எடுக்கும்படி தலைமை ஆசிரியர் இவரிடம் சொல்லியிருக்கிறார். வகுப்பு மனதில் பதியவேண்டும் என்பதற்காக, முதல் நாள் இரவு இவர் தன் மாணவர்களின் இன்ஸ்டாகிராம் கணக்குகளைத் தேடிப் பார்த்திருக்கிறார். இரண்டு பதிவுகள் கண்ணில் பட்டன. ஒன்று, ஒரு மாணவி ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மஞ்சள் தாவணியில் ஒரு பாட்டுக்கு வாயசைத்துப் போட்ட ரீல்ஸ். அதன் கீழே முகம் தெரியாத ஆண்கள் எழுதிய அசிங்கமான கமென்ட்டுகள். இன்னொன்று, ஒரு மாணவன் கையில் அரிவாளோடு நின்று, சாதிப் பெருமை பேசும் பாட்டைப் பின்னால் ஓடவிட்ட வீடியோ. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரை அழித்து, கண்களைக் கறுப்புப் பட்டையால் மறைத்து, மறுநாள் ஸ்மார்ட் போர்டில் காட்டியிருக்கிறார். "போட்டது போட்டதுதான், இனி எந்தக் காலத்திலும் அழியாது. நாளைக்குக் காலேஜ், வேலை, கல்யாணம் எல்லாத்துக்கும் இதுதான் முன்னால வந்து நிக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

தாவணியைப் பார்த்த உடனேயே வகுப்புக்கு ஆள் தெரிந்துவிட்டது. யாரோ ஒளித்து வைத்திருந்த போனில் அந்தத் திரையைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட, மாலைக்குள் அது மாணவியின் தெரு வரை போய்விட்டது. எட்டு நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு "படிச்சது போதும்" என்கிறார். பையன் வருகிறான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து யாரோடும் பேசுவதில்லை. அவன் டி.சி.யில் இதைக் குறிப்பிட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்கிறார். மற்ற இரண்டு பிரிவுகளுக்கும் இதே வகுப்பை எடுக்கவும் சொல்லியிருக்கிறார்.

"நல்லதுக்குத்தானே செய்தேன், மேடம். நான் செய்தது சட்டப்படி குற்றமா? அந்தப் படத்தை இனி எடுக்க முடியுமா? பையன் விஷயத்தில் என்ன செய்வது? இந்த வகுப்பை நான் எப்படி எடுத்திருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

டீச்சர், உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட உங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. தலைமை ஆசிரியர் சொன்னார், மற்றவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நீங்கள் எங்கும் சாக்குச் சொல்லவில்லை. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். கேள்விகளின் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு வாக்கியம்

"இனி எந்தக் காலத்திலும் அழியாது." இதை எச்சரிக்கையாகத்தான் சொன்னீர்கள். பெரும்பாலான விழிப்புணர்வுக் கூட்டங்களில் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இதே வாக்கியத்தை நான் வேறோர் இடத்திலும் படித்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் அம்மாவோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தாள். அம்மா பேசிக்கொண்டிருந்தார். அவள் பேசவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸுக்கு அடியில் எட்டாக மடித்து வைத்திருந்த மூன்று அடகுக்கடை ரசீதுகளை எடுத்து என் மேசையில் வைத்தாள். அம்மாவின் கம்மல், தன் கொலுசு, தம்பியின் பிறந்தநாள் மோதிரம். பழகிய பையன் ஒருவன் ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஏழு மாதமாகப் பணம் வாங்கியிருக்கிறான். அவன் அனுப்பிய மெசேஜ்களைப் படித்தேன். திரும்பத் திரும்ப ஒரே மிரட்டல்: "இது நெட்டுல ஏறிட்டா எந்தக் காலத்துலயும் அழியாது, தெரியும்ல?" ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஸ்கூல்லயும் அப்படித்தான் மேடம் சொன்னாங்க" என்றாள்.

புகார் கொடுத்தோம். கடைசியில் பார்த்தால் அந்தப் படம் எங்கும் ஏறியிருக்கவே இல்லை. அழியாது என்று அவள் நம்பியது மட்டும்தான் அவன் கையில் இருந்த ஆயுதம்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த வாக்கியம் பாதிதான் உண்மை. ஒரு படம் எத்தனை பேர் போனில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுவிடாமல் அழித்துவிட்டோம் என்று எந்த வக்கீலும் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் நீக்க முடிவது நிறைய இருக்கிறது. நீக்க முடியாததையும் பெரும்பாலும் கண்ணில் படாமல் செய்ய முடிகிறது. அதற்கான வழிகள் முன்பை விட இப்போது அதிகம். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இந்தியாவில் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்று 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அந்தரங்கப் படம், மார்ஃபிங் செய்த படம், ஒருவர் பெயரில் இன்னொருவர் நடத்தும் போலிக் கணக்கு ஆகியவை பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் கெடு வைத்தன. நிறுவனம் கைவிரித்தால் மேல்முறையீடு செய்ய, 2023 முதல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

கூகுள் தேடலில் 18 வயதுக்குக் குறைந்தவர் படம் வந்தால், அந்தப் பிள்ளையோ பெற்றோரோ கேட்டு அதைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லலாம். மூலப் பக்கத்தில் அது இருக்கும், தேடுகிறவர் கண்ணுக்கு வராது. நம் ஊரில் ஒருவரைப் பற்றித் தேடுகிறவர்கள் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். அதனால் இதுவே பெரிய நிம்மதி.

18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படமாக இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. காணாமல் போன, சுரண்டலுக்கு உள்ளான பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் மையம் ஒன்று நடத்துகிறது, இங்கிருந்தும் பயன்படுத்தலாம். இதை நான் எந்தப் பெண்ணிடம் சொன்னாலும் முதலில் வரும் பயம், "அந்தப் படத்தை அவங்களுக்கும் அனுப்பணுமா?" என்பதுதான். அனுப்ப வேண்டாம். படம் போனிலேயே இருக்கும். அதற்குக் கைரேகை மாதிரி ஓர் எண் கணக்கிடப்பட்டு, அந்த எண் மட்டும் போகும். இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்துத் தங்கள் தளத்தில் உள்ள பிரதிகளைக் கண்டுபிடித்து எடுக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை இது பிடிக்காது. அந்த உண்மையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தன்னைப் பற்றிய பழைய விவரத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லும் 'மறக்கப்படும் உரிமை' பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஐரோப்பாவில் 2014-லேயே கூகுளுக்கு எதிரான தீர்ப்பில் அது நிலைபெற்றுவிட்டது. நம் நாட்டில் இன்னும் இழுபறிதான். விடுதலையான ஒருவரின் தீர்ப்பை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதனால் அது முழு உரிமையாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

நீங்கள் செய்தது குற்றமா?

நீங்கள் எழுதிய விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால், கிரிமினல் வழக்காக இது நிற்காது என்பது என் கருத்து. ரீல்ஸ் பொதுவில் இருந்தது, அதில் ஆபாசம் எதுவும் இல்லை, உங்களுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் தன் பொறுப்பில் உள்ள குழந்தைக்கு மன வேதனை உண்டாக்கியதாக, இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவைச் சொல்லி அப்பா புகார் கொடுக்க முடியும். துறை விசாரணையும் வரலாம். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அவளே பொதுவில்தானே போட்டிருக்கிறாள்" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம். 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. மனிதர் பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதற்காக அந்த உரிமை கரைந்துபோவதில்லை. தெருவில் கோலம் போடும் பெண்ணை எல்லோரும் பார்க்கலாம். அவளைப் படம் பிடித்து வேறோர் ஊர் மேடையில் காட்டி "இப்படி இருக்காதீர்கள்" என்று பேசினால் அது வேறு விஷயம். பதினான்கு வயதில் தன் தோழிகளுக்காகப் போட்டதை, பதினாறு வயதில் நாற்பது பேர் முன்னால் பாடமாகக் காட்ட அவள் சம்மதிக்கவில்லை.

இன்னொன்று உங்களை உறுத்தினாலும் சொல்லியே ஆகவேண்டும். அந்தத் திரையில் தப்பு செய்தவர்கள் இருந்தார்கள். கீழே கமென்ட் எழுதிய ஆண்கள் அவர்கள்தான். ஆனால் வகுப்பு முழுக்க அந்தப் பெண்ணைத்தான் பார்த்தது. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தைக்கு இப்படி எழுதுவது போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவில் வரும் குற்றம். மூன்று வருடம் வரை சிறை. அந்தக் கமென்ட்டுகளைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். "அசிங்கமான" என்று நீங்கள் எழுதியது அந்த வகை என்றால், 19-வது பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்துகொண்ட ஒவ்வொருவரின் கடமை. உங்களுடையதும்தான். குடும்பம் வேண்டாம் என்றாலும் இந்தக் கடமை போகாது. மறைத்தால் தெரிந்தவருக்கே தண்டனை உண்டு. தனியாகக் காவல் நிலையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசிவிட்டு அவர்கள் மூலமாகப் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

வருங்காலத்துக்காக ஒரு எச்சரிக்கை. இன்னொரு நாள் ஒரு பிள்ளை அந்தரங்கப் படம் ஒன்றைக் காட்டி உதவி கேட்டால், 'ஆதாரம்' என்று சொல்லி உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், வேறு டீச்சருக்கும் அனுப்பாதீர்கள். குழந்தைகளின் பாலியல் படங்களைப் புகார் கொடுக்காமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. படம் பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும். நீங்கள் நேராகப் புகாருக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

வகுப்பில் திரையைப் படம் பிடித்த பிள்ளை யார் என்று எல்லாப் போனையும் வாங்கித் துழாவ வேண்டாம். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்றால் வாங்கி வைத்துப் பெற்றோரிடம் கொடுங்கள். திறந்து பார்த்தால் இன்னும் நாற்பது பிள்ளைகளின் அந்தரங்கம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் அட்மின் யாரோ, அவரால் பிறர் போட்டதையும் எல்லோருக்கும் சேர்த்து நீக்க முடியும், நாள் கடந்துவிட்டால் முடியாமலும் போகலாம். இன்றைக்கே முயன்று பார்க்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தங்கள் போனிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அட்மின் நீங்களாகவே இருக்கலாம்.

பையனும் அவன் டி.சி.யும்

இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டிய பிறகு, பள்ளிகளில் சாதிப் பிரிவினை பற்றி ஆராய அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அதில் பேசப்பட்டிருக்கிறது. நம் பக்கத்துப் பள்ளிகளில் அரிவாளோடு ஒரு பையன் போடும் வீடியோவை இன்னொரு தெருப் பையன் எப்படிப் பார்ப்பான் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதில் யாரையாவது பெயர் சொல்லியோ சாதி சொல்லியோ இழிவுபடுத்தியிருந்தால், பாதிக்கப்பட்ட மாணவன் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவன் என்றால் அவனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அப்படியானால் அதைப் பள்ளிக்குள்ளேயே 'பேசி முடித்து' வைக்காதீர்கள். பெருமை மட்டும்தான், யாரையும் குறிவைக்கவில்லை என்றால் அது பள்ளியும் பெற்றோரும் கவுன்சிலரும் சேர்ந்து கையாள வேண்டிய விஷயம்.

எப்படி இருந்தாலும் டி.சி.யில் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவைத் தலைமை ஆசிரியருக்குக் காட்டுங்கள். உண்மையிலேயே குற்றம் செய்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட சிறுவனுக்குக் கூட, அதனால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது அது. அவனுடைய பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கவும் சொல்கிறது. (16 வயது தாண்டி, கொடிய குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விலக்கு.) குற்றவாளிக்கே சட்டம் புதுக் கணக்கு எழுதிக்கொடுக்கும்போது, ஒரு வீடியோவுக்காகப் பள்ளி அவன் கையில் ஆயுளுக்கும் தூக்கிச் சுமக்கும் காகிதத்தைக் கொடுப்பது நியாயமில்லை. இன்ஸ்டாகிராமில் இருப்பதை அவன் இரண்டு நொடியில் அழித்துவிடலாம். டி.சி.யில் எழுதியதை அழிக்க உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் போடவேண்டும்.

அவன் கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் மதிய இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, அந்த வீடியோவை யார் எடுத்தது, அரிவாள் யாருடையது என்று கேளுங்கள். அண்ணன் கொடுத்திருப்பான், மாமா எடுத்திருப்பார். பெரும்பாலும் பெரியவர் ஒருவர் கேமராவைப் பிடித்திருப்பார்.

அடுத்த வகுப்பு

இரண்டு பிரிவுகளுக்கு இன்னும் எடுக்கவேண்டும் என்கிறீர்கள். எடுங்கள். நீங்கள் எடுப்பதுதான் நல்லது, பட்டுத் தெரிந்துகொண்டவர் நீங்கள்.

முதலில் பயமுறுத்தலில் எது நிஜம் என்று சரிபார்த்துக்கொள்வோம். 'காலேஜ் கிடைக்காது' என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. 2017-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் பத்துப் பேருக்காவது கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றது. ஃபேஸ்புக்கில் ஒரு தனிக் குழுவில் அவர்கள் பரிமாறிக்கொண்ட மோசமான மீம்கள்தான் காரணம். அங்கே சேர்க்கையில் குணமும் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் சேரப்போகும் அரசு கலைக் கல்லூரியின் பி.காம். சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும்தான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலும் மதிப்பெண்தான். யாரும் இன்ஸ்டாகிராமைத் திறந்து பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு இது தெரியும். நாம் ஒன்றைப் பொய்யாகச் சொன்னால் மீதியையும் கேட்கமாட்டார்கள். வேலைக்கு எடுக்கும்போது சில நிறுவனங்கள் தேடிப் பார்ப்பது உண்மை. அமெரிக்கா படிக்கப் போகிற மாணவர்கள் விசா நேர்காணலுக்கு முன் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அங்கே அறிவித்ததும் உண்மை. அதை அப்படியே சொல்லுங்கள். 'கல்யாணத்துக்கு வந்து நிக்கும்' என்பதை மட்டும் இனி எந்த வகுப்பிலும் சொல்லாதீர்கள். அது பெண் பிள்ளைகளை மட்டுமே குறிவைக்கும் வார்த்தை. அதைக் கேட்ட பெண், தனக்கு ஒன்று நடந்தால் வீட்டில் சொல்லவே மாட்டாள்.

அப்புறம் தடம் என்றால் என்ன என்று காட்டுவதற்கு மாணவர் யாருடைய கணக்கும் வேண்டாம், உங்களுடையதே போதும். போர்டில் உங்கள் பெயரையும் பள்ளிப் பெயரையும் கூகுளில் தேடுங்கள். ஏதோ ஒரு பயிற்சி முகாமின் பட்டியலிலோ ஓட்டுச்சாவடிப் பணி ஆணையிலோ உங்கள் பெயர் வரக்கூடும். "இதை நான் போடலை, பார்த்தீங்களா" என்று சொல்லுங்கள். அடுத்து உங்கள் கூகுள் கணக்கின் 'என் செயல்பாடு' பக்கத்தில், முன்கூட்டியே பார்த்துத் தேர்ந்த ஒரு நாளை மட்டும் காட்டுங்கள். காலை ஆறு மணிக்குச் சாம்பார்ப் பொடி அளவு தேடியது, எட்டரைக்கு யூடியூபில் சுப்ரபாதம் கேட்டது, இரவு முழங்கால் வலிக்கு மருந்து தேடியது என்று நேரத்தோடு வரிசையாக நிற்கும். எதையும் 'போடாமலே' விழும் தடம் இது. அதைத் தானாக அழியும்படி வைப்பது எப்படி என்று அங்கேயே செய்து காட்டுங்கள்.

பிறகு ஒரு கேள்வி. "உங்களைப் பற்றி நெட்டில் முதன்முதலில் போட்டது யார்?" என்று கேட்டு, ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். நான் ஒரு பள்ளியில் இதைக் கேட்டபோது வந்த தாள்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. "மாமா, ஃபேஸ்புக்கில் காது குத்து." "டியூஷன் சென்டர் ஃப்ளெக்ஸ்." பெண் பிள்ளைகள் பக்கம் வந்த தாள்களில் ஏழெட்டில் ஒரே பதில்: "சடங்கு வீடியோ." போட்டோ ஸ்டுடியோக்காரர் விளம்பரத்துக்காக யூடியூபில் ஏற்றியது. ஊர், பெயர், தேதி, பெற்றோர் பெயர் அத்தனையோடும். ஒரு பெண் அடியில் சின்னதாக எழுதியிருந்தாள்: "எடுக்கச் சொன்னால் எடுப்பார்களா மிஸ்?"

எடுக்கவேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் விவரத்தைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அதற்கெல்லாம் காத்திருக்கவும் வேண்டாம். பெற்றோர் ஸ்டுடியோவுக்கு ஒரு கடிதம் எழுதினாலே பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். உங்கள் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆண்டு விழா, விளையாட்டு விழா, நூற்றுக்கு நூறு எடுத்தவர் என்று பெயரும் வகுப்பும் போட்டு எத்தனை பிள்ளைகள் படம் இருக்கிறது? பெற்றோரிடம் கேட்டுத்தான் போட்டீர்களா? பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதற்கு முன் ஸ்டாஃப் மீட்டிங்கில் இதைப் பேசினால், நீங்கள் வகுப்பில் சொல்வதற்கு ஒரு பலம் இருக்கும்.

கடைசிப் பதினைந்து நிமிடம் கைவேலை. போன் வைத்திருக்கும் பிள்ளைகள் வீட்டில் போய்ச் செய்யும்படி போர்டில் எழுதிப் போடுங்கள். இன்ஸ்டாகிராமில் பிறந்த வருடத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் கணக்குகள் இப்போது தாமாகவே, அனுமதித்தவர் மட்டும் பார்க்கும் தனிக் கணக்காக வைக்கப்படுகின்றன. ஆனால் நம் பிள்ளைகள் பலர் கணக்குத் தொடங்கும்போது ஏதோ ஒரு வருடத்தைத் தட்டியிருப்பார்கள். இன்ஸ்டாகிராமின் கணக்கில் அவர்களுக்கு இருபத்திரண்டு வயது, எந்தப் பாதுகாப்பும் பொருந்தாது. பழைய ரீல்ஸை அழிக்க மனமில்லை என்றால் 'ஆர்க்கைவ்' செய்து மறைத்து வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். யாராவது மிரட்டினால் முதலில் யாரிடம் வரவேண்டும் என்பதை உங்கள் பெயரைப் போட்டே எழுதுங்கள். 1098, சைபர் குற்ற உதவி எண் 1930, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும். முகம் தெரிந்த ஒருவரிடம்தான் பிள்ளைகள் முதலில் வருவார்கள்.

அந்த மாணவியின் வீடு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னதெல்லாம் தெரிந்த பிறகுதான் நீங்கள் அந்த வீட்டுப் படியேற வேண்டும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போங்கள்.

மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், பின்னால் வழக்கில் பாதிக்கும் என்று யாராவது சொல்லுவார்கள். வக்கீலாகவே சொல்கிறேன், போய்க் கேளுங்கள். தலைமை ஆசிரியரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். கூட ஒரு பெண் ஆசிரியர் வந்தால் போதும். முதலில் அந்தப் பெண்ணிடம், அப்பா காதில் விழும்படி சொல்லுங்கள்: "நீ எந்தத் தப்பும் பண்ணலை. உன்னைக் கேட்காம காட்டினது என் தப்பு." அப்பாவுக்கு இந்த எட்டு நாளாக ஊர் சொன்னது வேறு. டீச்சர் வாயால் இதைக் கேட்பது அவருக்கும் தேவை.

'படிச்சது போதும்' என்று அவர் சொல்வது கோபத்தில்தான் என்று நினைக்கிறேன். அவரோடு வாதாட வேண்டாம். பிளஸ் டூ முடித்து அவள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். தமிழ் வழியில் படித்த, அரசு உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கும் அது உண்டு. அதைச் சொல்லுங்கள். வேறு பிரிவுக்கு மாறவேண்டும் என்று அவள் விரும்பினால் மாற்றிக் கொடுக்கச் சம்மதம் வாங்கிக்கொண்டே போங்கள். கல்யாணப் பேச்சு ஏதும் காதில் விழுந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே 1098-க்குச் சொல்லுங்கள்.

கமென்ட்டுகள் பற்றிப் பேசும்போது, அவர்களைப் புகாருக்கு இழுக்க வந்ததாகத் தோன்றாமல் பேசுங்கள். சட்டப்படி உங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது என்பதையும், வழக்கானால் அவள் பெயரோ படமோ எதிலும் வரக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவே தடுக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ரீல்ஸை உடனே அழிக்கவேண்டாம். முதலில் அதன் இணைப்பும், கமென்ட் எழுதிய கணக்குகளின் பெயர்களும், தேதியும் ஒரு தாளில் எழுதப்படட்டும். புகாரோடு அது போகும். அதன் பிறகு அழிப்பதா, மறைத்து வைப்பதா என்று அவள் முடிவு செய்யட்டும். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தால்தான் இதில் எதையும் அவள் செய்ய முடியும் என்பதையும் அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

உங்கள் போனில் அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் இருக்கும். வகுப்பில் காட்டிய ஸ்லைடு பென் டிரைவிலும் ஸ்மார்ட் போர்டின் நினைவகத்திலும் இருக்கும். போர்டிலும் பென் டிரைவிலும் இருப்பதைப் போவதற்கு முன்பே அழித்துவிடுங்கள். போனில் இருப்பதை, புகாருக்கு வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்ட பிறகு, அவள் பார்க்கும்படி அவள் எதிரிலேயே அழியுங்கள். அழித்த படம் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாள் வரை கிடக்கும். அதையும் திறந்து, காலி செய்யும் பொத்தானை அவளையே அழுத்தச் சொல்லுங்கள்.